ஒரு போர்வெல், மூன்று துறை

ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரம் தூக்க 0.27 யூனிட் மின்சாரம் வேண்டும். மோட்டாரிலும் பம்பிலும் பைப்பிலும் இழப்பே இல்லை என்றால் வரும் கணக்கு இது. நம் போர்களில், அதாவது ஆழ்துளைக் கிணறுகளில், ஓடும் நீர்மூழ்கி மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கோ, கொஞ்சம் கூடவோதான் தண்ணீரைத் தூக்கும் வேலையாகிறது. மீதி சூடாகவும் உராய்வாகவும் போய்விடுகிறது. 35 சதவீதத் திறன் என்று வைத்தால் 100 மீட்டருக்கு 0.78 யூனிட், 150 மீட்டருக்கு 1.17 யூனிட், 300 மீட்டருக்கு 2.3 யூனிட்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் பற்றி என்ன திட்டம் பேசினாலும் இந்த மூன்று எண்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தண்ணீருக்கு ஒரு துறை, மின்சாரத்துக்கு ஒரு வாரியம், விளைச்சலுக்கும் கொள்முதலுக்கும் வேறு வேறு அலுவலகம் என்று கோப்புகள் தனித்தனியாக நகர்கின்றன. காரிமங்கலத்திலோ ஊத்தங்கரையிலோ ஒரு தோட்டத்தில் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தும்போது இந்த மூன்று கோப்பும் ஒரே நொடியில் திறக்கின்றன. எந்தப் பயிர் என்பது எவ்வளவு தண்ணீர் என்பதைச் சொல்லும். எவ்வளவு தண்ணீர், எத்தனை அடியிலிருந்து என்பது எவ்வளவு மின்சாரம் என்பதைச் சொல்லும். மின்சாரம் எத்தனை மணி நேரம் வருகிறது என்பது அடுத்த ஆண்டு நீர்மட்டம் எங்கே நிற்கும் என்பதைச் சொல்லும்.

உங்கள் போரின் கணக்கை நீங்களே எடுக்கலாம். 200 லிட்டர் பீப்பாய் ஒன்று, கைப்பேசியில் இருக்கும் நிறுத்துக் கடிகாரம், மின்சாரக்காரரிடம் இருக்கும் கிளாம்ப் மீட்டர் போதும். மோட்டாரைப் போட்டு அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். போட்டவுடன் வரும் தண்ணீர் போரில் தேங்கி நின்றது. அதை அளந்தால் கணக்கு பொய்யாகும். பிறகு பீப்பாய் நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 100 விநாடி என்றால் விநாடிக்கு 2 லிட்டர். ஓடும்போது நீர்மட்டம் 140 மீட்டரில் இருந்தால், 2 × 140 × 9.81 என்று பெருக்க 2,747 வாட் வரும். மோட்டார் 7.2 கிலோவாட் இழுக்கிறது என்றால் திறன் 38 சதவீதம். 30-க்குக் கீழே வந்தால் தேய்ந்த இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), பைப் இணைப்பில் கசிவு, ஆழத்துக்குப் பொருந்தாத ஸ்டேஜ் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இம்பெல்லர்) எண்ணிக்கை ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். இங்கே அதிகம் பார்ப்பது மூன்றாவதைத்தான். 80 மீட்டருக்கு வாங்கிய பம்பை, நீர்மட்டம் இறங்க இறங்க பைப் சேர்த்து 150 மீட்டருக்கு இறக்கியிருப்பார்கள். மோட்டார் ஓடும், மீட்டர் சுற்றும், தண்ணீர் மட்டும் விரல் கனத்துக்கு வரும்.

இனி சங்கிலி எப்படி நீள்கிறது என்று பாருங்கள். மட்டம் இறங்குகிறது, 5 எச்.பி. மோட்டார் 7.5 ஆகிறது, பிறகு 10 ஆகிறது. மின்வாரியக் கணக்கில் அது இன்னும் 5 எச்.பி.தான். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று சுமார் 65 எச்.பி. வரை தாங்கும். காகிதத்தில் பன்னிரண்டு 5 எச்.பி. மோட்டார்கள், 60 எச்.பி., சரியாகத்தான் இருக்கும். நிலத்தில் அது 100 எச்.பி.யைத் தாண்டியிருக்கும். லைனின் கடைசியில் 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 340 கூட வராது. வோல்டேஜ் குறைந்தால் அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், காயில் சூடேறும், எரியும். காயில் கட்டும் செலவு, போரிலிருந்து மோட்டாரைத் தூக்கி இறக்கும் கூலி, அந்த ஒரு வாரத்தில் வாடிப்போகும் தக்காளி எல்லாம் "இலவச" மின்சாரத்துக்கு விவசாயி கட்டும் கட்டணம்.

இதில் இரண்டு சின்னத் திருத்தங்கள் உடனே பலன் தரும். ஒன்று, மோட்டார் முனையில் கெப்பாசிட்டர்: 5 எச்.பி.க்கு 2, 7.5-க்கு 3, 10-க்கு 4 கே.வி.ஏ.ஆர். (கெப்பாசிட்டரின் அளவு). லைனில் ஓடும் ஆம்பியர் குறையும், கடைசித் தோட்டத்துக்கு வோல்டேஜ் கொஞ்சம் ஏறும். ஒருவர் மட்டும் வைத்தால் பலன் தெரியாது. ஒரு டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லாரும் வைக்க வேண்டும். இரண்டாவது, ஆட்டோ ஸ்டார்ட்டரில் தாமத டைமர். மும்முனை மின்சாரம் வந்த நொடியில் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பினால், ஒவ்வொன்றும் தன் வழக்கமான ஆம்பியரைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்தச் சில விநாடிகளில்தான் பியூஸ் போகிறது. முதல் தோட்டத்துக்கு 30 விநாடி, அடுத்ததற்கு 60, அதற்கடுத்ததற்கு 90 என்று வரிசை வைத்தால் போதும். மும்முனை இல்லாத நேரத்தில் வேறு வகைக் கெப்பாசிட்டர் போட்டு ஒரு முனையிலேயே மோட்டாரை ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. மோட்டாருக்கும் கேடு, பக்கத்துத் தோட்டத்துக்கும் கேடு. தண்ணீர் குறைந்த போரில் கம்ப்ரசர் வைத்துக் காற்றடித்து எடுப்பதும் அப்படித்தான். நீர்மூழ்கி மோட்டாரின் திறனில் பாதிகூட அதில் வராது. கம்ப்ரசர் ஓடும் ஊர் என்றால் அந்த ஊரின் நிலத்தடி நீர் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று படித்துக்கொள்ளலாம்.

இலவச மின்சாரத்தை நிறுத்து என்பது இதற்கெல்லாம் தீர்வாகச் சொல்லப்படுகிறது. நான் அதை ஏற்கவில்லை. 1970-களில் மின் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டங்களில் உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்திருக்கிறார்கள். 1980-களில் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணமில்லா மின்சாரம் வந்தது அந்த ரத்தத்தின் தொடர்ச்சி. காவிரிப் பாசனத்தில் இருப்பவருக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடுகிறது. கல்லுக்குள்ளிருந்து உறிஞ்சி எடுக்க வேண்டிய மேட்டு நிலத்துக்காரருக்கு அந்த மின்சாரம்தான் வாய்க்கால். சிக்கல் இலவசத்தில் இல்லை, அளக்காமல் விடுவதில் இருக்கிறது. எவ்வளவு ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாதபோது, எச்.பி.யை வைத்து ஒரு மதிப்பீடு போட்டு அரசு வாரியத்துக்கு மானியம் கொடுக்கிறது. லைனில் எங்கே இழப்பு, யாருடைய மோட்டாரில் இழப்பு என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

கல்லுக்குள் எவ்வளவு தண்ணீர்?

நம் இரு மாவட்டங்களின் அடித்தளம் கடினப் பாறை. மேலே சில மீட்டர் செம்மண், அதற்குக் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே வெடிப்புகள் மட்டும். தண்ணீர் நிற்கும் இடம் சிதைந்த பாறைதான்; அந்தக் காலத்துக் கிணறுகள் அங்கேயே நின்றன. 800, 1,000 அடிக்குப் போர் போடும்போது நாம் தேடுவது வெடிப்புகளை. அவை குழாய் மாதிரி, தொட்டி அல்ல. பக்கத்துக் காட்டின் தண்ணீரையும் மேலே இருக்கும் கிணற்றின் தண்ணீரையும் இழுத்துக் கொண்டுவரும். போர் வண்டி கிளம்பும்போது "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போவது அன்றைய அளவு. அடுத்த சித்திரையில் அது அரை இஞ்ச் ஆகும்.

இப்போது 1,000 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர் என்றால், ஊர் மீது விழும் மொத்தத் தண்ணீர் 85 லட்சம் கன மீட்டர். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கீட்டு முறையில் களி கலந்த சிதைந்த பாறைப் பகுதிக்கு மழையில் 8 சதவீதம் உள்ளே இறங்குவதாக எடுத்துக்கொள்வார்கள். சார்னகைட் பாறை என்றால் அதைவிடக் குறைவு. 8 சதவீதம் என்றே வைப்போம்: 6.8 லட்சம் கன மீட்டர். இதில் பத்தில் ஒரு பங்கை ஓடைக்கும் இயற்கைக் கசிவுக்கும் விட்டுவிட வேண்டும். 3,000 பேருக்கு ஆளுக்கு 55 லிட்டர் வீதம் ஆண்டுக்கு 60,000 கன மீட்டர். ஆயிரம் மாடு இருந்தால் இன்னும் 15,000. மீதி சுமார் 5.4 லட்சம் கன மீட்டர். ஊர் ஓர் ஆண்டில் கடனில்லாமல் எடுக்கக்கூடிய பாசனத் தண்ணீர் இவ்வளவுதான்.

மழை போக 1,500 மில்லிமீட்டர் பாசனம் கேட்கும் கரும்பு ஏக்கருக்கு 6,070 கன மீட்டர் குடிக்கும். 5.4 லட்சம் கன மீட்டரில் 89 ஏக்கர் கரும்பு வளர்க்கலாம். சொட்டுநீரில் தக்காளிக்கு 400 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு 1,619 கன மீட்டர், 333 ஏக்கர். ஆடிப் பட்டத்து ராகிக்கு மழை போதாத இரண்டு சமயத்தில் மட்டும் 50 மில்லிமீட்டர் வீதம் உயிர்த்தண்ணீர் விட்டால் ஏக்கருக்கு 405 கன மீட்டர். 1,300 ஏக்கருக்கு மேல். வயலில் விட்ட தண்ணீரில் கொஞ்சம் திரும்ப நிலத்தில் இறங்கும் என்பதால் எண்கள் சற்றுக் கூடலாம். அவற்றுக்கு இடையே உள்ள விகிதம் பெரிதாக மாறாது.

இதே கணக்கை மின்சாரத்தில் போட்டால், 150 மீட்டர் ஆழத்தில் ஒரு ஏக்கர் கரும்புக்கு 7,100 யூனிட். தக்காளிக்கு 1,900. ராகிக்கு 475. ஒரு யூனிட்டின் செலவு 6 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், ஒரு ஏக்கர் கரும்புக்கு அரசு தரும் மறைமுக மானியம் 42,000 ரூபாயைத் தாண்டும், ராகிக்கு 3,000 ரூபாயை எட்டாது. அரசு யாரையும் கரும்பு போடச் சொல்லவில்லை. ஆனால் அதன் பணம் தானாகவே தண்ணீர் அதிகம் குடிக்கும் பயிரின் பக்கம் போய்ச் சேருகிறது. 5 ஏக்கர் சாமையும் கொள்ளும் விதைத்து, மின் சர்வீஸே இல்லாத மானாவாரி விவசாயிக்கு அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட வருவதில்லை. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

குறுவட்ட (பிர்கா) வாரியாக நிலத்தடி நீரை வகைப்படுத்துவது ஒழுங்காகவே நடக்கிறது. கிடைப்பதில் 70 சதவீதத்துக்குள் எடுத்தால் பாதுகாப்பானது, 90-ஐத் தாண்டினால் அபாயகரமானது, 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வு. இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல குறுவட்டங்கள் அதிநுகர்வுப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் ஓட்டை. 2003-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வராமலே 2013-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. கிராமம் தானே நீர்க் கணக்குப் போடுவதற்கு மத்திய அரசு கொண்டுவந்த அடல் பூஜல் திட்டத்தின் ஏழு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை.

ராகியும் ரேஷன் கடையும்

பயிரை மாற்று என்று சொல்வது எளிது. தக்காளிக்காரரும் கரும்புக்காரரும் ராகிக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டால், விலை இல்லை என்ற பதில் பழையதாகிவிட்டது. ராகிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை 2013-14-இல் குவிண்டாலுக்கு 1,500 ரூபாய். 2025-26-இல் 4,886 ரூபாய். சாதாரண ரக நெல்லுக்கு அதே ஆண்டில் 2,369 ரூபாய்தான். இன்றைய தடை கூலி. நாற்று நடவு, இரண்டு களை, கதிர் கதிராக அறுவடை, பிறகு அடித்துத் தூற்றுவது என்று எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். ஆட்கள் ஓசூர் ஆலைகளுக்கும் பெங்களூருவுக்கும் போய்விட்டார்கள். அடுத்த தடை கொள்முதல் நிலையத்தின் வாசல். ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், கல், தூசி இருக்கக் கூடாது. தார்ச் சாலையில் கதிரைப் பரப்பி வண்டி ஏற்றி அடித்தால் கல் கலக்காமல் எப்படி இருக்கும்? திருப்பி அனுப்பப்பட்ட மூட்டையை விவசாயி அன்றைக்கே வியாபாரியிடம் கேட்ட விலைக்குப் போட்டுவிட்டுப் போவார். அடுத்த ஆண்டு ராகி விதைக்க மாட்டார்.

ஆகவே ராகியைப் பெருக்கும் திட்டத்தின் முதல் செலவு நான்கைந்து ஊருக்கு ஒரு சிமெண்ட் களம், ஒரு கதிரடிக்கும் இயந்திரம், ஒரு சலிப்பான், ஒரு ஈரப்பத மீட்டர். விதை மானியம் அதற்குப் பிறகுதான். கொள்முதல் நிலையம் அறுவடைக்கு முன்பே, கார்த்திகையிலேயே திறந்திருக்க வேண்டும். பொங்கல் கழித்துத் திறந்தால் சரக்கு வியாபாரி கையில் இருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நல்ல தொடக்கம் ஒன்று ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2023 மே மாதத்தில் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். களி தின்ற ஊருக்கு அரிசியைப் பழக்கிய ரேஷன் கடையே ராகியைத் திரும்பக் கொண்டுவருவது சரியான திருத்தம். இதில் ஃபுளோரைடுக் கணக்கும் சேர்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு போனால் பல்லும் எலும்பும் கெடும். இந்தப் பாறையில் ஆழம் போகப் போக, தண்ணீர் கல்லோடு நீண்ட காலம் தங்கியிருப்பதால் ஃபுளோரைடு ஏறும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உடம்பை அது சீக்கிரம் தாக்கும். 100 கிராம் ராகியில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். ஆழம் குறைவாகத் தோண்டி, ராகி அதிகமாகத் தின்றால் ஒரே நோயை இரண்டு பக்கமிருந்தும் மறிக்கலாம். மூன்று துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சொட்டுநீரைப் பற்றிச் சுருக்கமாக. சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் இருக்கிறது. யாரும் விடக் கூடாது. நம் தண்ணீர் உப்புத் தன்மையும் சுண்ணாம்பும் மிகுந்தது என்பதால் துளைகள் அடைபடும். வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும், பக்கவாட்டுக் குழாயின் கடைசி மூடியைத் திறந்துவிட்டு ஓட விட வேண்டும், பருவத்துக்கு ஒருமுறை அமிலம் விட வேண்டும். போரிலிருந்து நேராகச் சொட்டுக்குக் கொடுத்தால் அழுத்தம் ஏறி இறங்கும். தொட்டியில் விட்டுச் சின்ன மோனோபிளாக் பம்பில் கொடுப்பது நல்லது. பெரிய ஆபத்து வேறு. சேமித்த தண்ணீர் நிலத்தடியில் நிற்பதில்லை. ஒரு ஏக்கர் தக்காளி போட்டவர் அதே போரில் இரண்டரை ஏக்கர் போடுவார். தனி மனிதனுக்கு அது நியாயம், ஊருக்கு நீர்மட்டம் அதே வேகத்தில் இறங்கும். திறன் மிகுந்த புது பம்பு கொடுக்கும் திட்டத்துக்கும் இதே விதி. சொட்டுநீர் மானியத்தோடு "பாசனப் பரப்பு கூடாது" என்ற ஒப்பந்தம் சேராதவரை அது விளைச்சல் திட்டம்; தண்ணீர்த் திட்டம் என்று அதை அழைக்கக் கூடாது.

சூரிய சக்தி பம்பும் அப்படித்தான். 5 எச்.பி. பம்பு, 4.8 கிலோவாட் பேனல், நல்ல வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 21 யூனிட். புதுப் பம்புக்கு 45 சதவீதத் திறன் என்று வைத்தால் 100 மீட்டர் ஆழத்திலிருந்து 35,000 லிட்டர் வரும், 200 மீட்டர் என்றால் அதில் பாதி. பகலில் பாய்ச்சலாம், இரவில் பாம்புக்கு நடுவே டார்ச் லைட்டோடு நடக்க வேண்டாம். ஆனால் வெயில் இருக்கும்வரை ஓடும், நிறுத்த ஒரு காரணமும் கிடையாது. குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016 முதல் சூரியப் பாசனக் கூட்டுறவு ஒன்று மிஞ்சிய மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு விற்றது. அங்கே தண்ணீர் எடுக்காத நாளுக்கும் வருமானம். அதிநுகர்வுக் குறுவட்டத்தில் லைனோடு இணைக்காத தனிச் சூரிய பம்புக்கு மானியம் தருவது தவறு என்றே நினைக்கிறேன். இணைத்துக் கொடுங்கள், மிஞ்சுவதை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒகேனக்கல் தண்ணீர் ஏறும் ஏற்றம்

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. இரு மாவட்டத்தின் ஃபுளோரைடுப் பிரச்சினைக்குக் கிடைத்த மிகப் பெரிய பதில் அது. ஒகேனக்கல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர், ஓசூர் சுமார் 900 மீட்டர். 650 மீட்டர் ஏற்றம். 70 சதவீதத் திறனில் ஆயிரம் லிட்டருக்கு 2.5 யூனிட், குழாய் உராய்வு தனி. ஓசூரில் ஒரு குழாய் உடைந்து ஒழுகினால் ஒழுகுவது மின்சாரமும்தான். ஓசூரின் ஏரிகளைக் காப்பாற்றுவது மின் சேமிப்புத் திட்டமும்கூட.

காவிரியின் உபரி நீரை ஏற்றித் தருமபுரி மாவட்ட ஏரிகளை நிரப்ப வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. நியாயமான கோரிக்கை. ஆனால் எந்த ஏரி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தருமபுரி நகர மட்டத்துக்கு ஏற்றம் 220 மீட்டர். ஒரு மில்லியன் கன அடி தண்ணீரைக் கொண்டுவரச் சுமார் 24,000 யூனிட். அதே அளவை 150 மீட்டர் போரிலிருந்து எடுக்க 33,000 யூனிட் ஆகும். எனவே மதகு வழியாக நேராக வயலுக்குப் பாய்ந்தால் லாபம். ஏரியில் இறங்கி, ஆழத்துக்குப் போய், அங்கிருந்து போர் மூலம் மேலே வந்தால் இரண்டு தடவை செலவு, 57,000 யூனிட். ஏரிக்குக் கீழே 30 மீட்டர் திறந்த கிணறுகள் இருந்து, அவை நிறைந்தால் ஆயிரம் லிட்டருக்கு 0.23 யூனிட்டில் வேலை முடியும். ஆகவே முதலில் நிரப்ப வேண்டியவை ஆயக்கட்டில் (ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில்) திறந்த கிணறுகள் இன்னும் உயிரோடு இருக்கும் ஏரிகள். போர் மட்டுமே உள்ள ஆயக்கட்டுகள் பிறகு. நிரப்பும் முன் வண்டல் எடுத்து, மதகைச் சரிசெய்து, கோடி போகும் ஓடையைத் திறந்திருக்க வேண்டும். வண்டல் எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார்.

ஒரு டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) தண்ணீரை 40 நாளில் இப்படி ஏற்ற 25 மெகாவாட் இரவு பகலாக வேண்டும். இங்கே ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது, இது போதுமான அளவு பேசப்படவில்லை. கர்நாடக அணைகள் நிறைந்து ஒகேனக்கல்லில் வெள்ளம் வருவது பெரும்பாலும் ஆடி, ஆவணி. தமிழ்நாட்டில் காற்றாலைகள் உச்சத்தில் சுற்றுவதும் அதே மாதங்களில். 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை உள்ள மாநிலத்தில் அந்தப் பருவத்தின் மிகை மின்சாரத்தை ஏரியில் தண்ணீராகச் சேமிக்கலாம். அதற்குப் பம்பு நிலையத்தின் இயக்க நேரத்தை நீர்வளத் துறை தனியாக முடிவு செய்யக் கூடாது. மாநில மின் பகிர்வு மையத்தின் அன்றாடக் கணக்கோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டும். எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும்: 2022-இல் காவிரி பெருக்கெடுத்தது, 2023-இல் டெல்டாவே தவித்தது. பம்பு சும்மா கிடக்கும் ஆண்டுகளும் செலவுக் கணக்கில் வர வேண்டும்.

ஊரில் எங்கிருந்து தொடங்குவது

தனித்தனி மோட்டாருக்கு மீட்டர் என்று தொடங்கினால் அன்றைக்கே கதவு மூடிவிடும். மீட்டருக்குப் பின்னால் பில் வரும் என்ற பயம் காரணமில்லாததல்ல. டிரான்ஸ்பார்மருக்கு ஒரு மீட்டர் வைக்கலாம். பத்துப் பதினைந்து பேர் பயன்பாடு மொத்தமாகத் தெரியும், யார் தலையிலும் விழாது. அதோடு பயன்படுத்தாத இரண்டு மூன்று பழைய போர்களைத் தேர்ந்து, மாதம் ஒருமுறை நீர்மட்டம் அளந்து ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுத வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் எந்தப் புலத்தில் என்ன பயிர் என்பது இருக்கிறது. மின்சாரம், நீர்மட்டம், பயிர் ஆகிய மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஊரே படித்துவிடும்.

கிராம சபைகளின் தேதிகள் இதற்கு நன்றாகப் பொருந்துகின்றன. ஜனவரி 26-இல் பருவமழைக்குப் பிந்தைய மட்டத்தைப் பார்த்துக் கோடைப் பயிரின் பரப்பை முடிவு செய்யலாம். மே 1-இல் ஆடிப் பட்டத்துப் பயிரை முடிவு செய்யலாம். மார்ச் 22 தண்ணீர் தினக் கூட்டம் நல்லதுதான், ஆனால் அதற்குள் கோடைப் பயிர் பூவெடுத்திருக்கும்.

பிறகு பணம். பஞ்சாபில் 2018-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். மின்சாரம் இலவசமே, ஆனால் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஓர் அளவு. அதற்குள் மிச்சப்படுத்திய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் விவசாயியின் வங்கிக் கணக்கில். நம் 7.5 எச்.பி. மோட்டாருக்கு, 7 கிலோவாட், நாளைக்கு 6 மணி நேரம், 200 நாள் என்று 8,400 யூனிட் அளவு வைத்து, அவர் 6,000-இல் முடித்தால் 9,600 ரூபாய். கரும்பை விட்டு ராகியும் அவரையும் போட்டவருக்கு ஆதரவு விலைக்கு மேல் கிலோவுக்கு 10 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தால், 12 குவிண்டாலுக்கு 12,000 ரூபாய். அரசு அந்த ஏக்கரில் மிச்சப்படுத்தும் மின்சாரத்தின் மதிப்பு அதற்கு மூன்று மடங்கு. கரும்பு தரும் வருமானத்தை ராகி முழுதாக ஈடுகட்டாது. மாடும் தீவனமும் சேர்ந்தால்தான் குடும்பம் தாங்கும். அதனால் ஊர் முழுக்க ஒரே ஆண்டில் மாறச் சொல்லக் கூடாது, கடைமடைப் போர்களில் தொடங்க வேண்டும்.

இதில் கெட்டுப்போகும் இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அளவைத் தாராளமாக வைத்தால் ஏற்கெனவே தண்ணீர் வற்றிப்போன போர்க்காரருக்குச் சும்மா பணம் போகும். மூன்று ஆண்டு டிரான்ஸ்பார்மர் மீட்டர் கணக்கு கையில் வந்த பிறகே அளவு வைக்க வேண்டும். போரை ஆழப்படுத்தி மோட்டாரை மாற்றினால் அளவு மாறாது என்று எழுதிவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முந்திய தடை, சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறது என்பது. பெரும்பாலான பழைய இணைப்புகள் தாத்தாவின் பெயரில் இருக்கின்றன. தண்ணீரை நான்கு பங்காளிகள் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். பணம் இறந்தவர் கணக்குக்குப் போக முடியாது, ஒரு பங்காளி கணக்குக்குப் போனால் வரப்பில் சண்டை வரும். ஆகவே திட்டம் அறிவிக்கும் முன்பே குறுவட்டம் தோறும் ஒரு பெயர் மாற்ற முகாம்: வாரிசுச் சான்று, சிட்டா, கிணற்றுப் பங்கு பற்றிய உரிமைச் சான்று, மற்ற பங்காளிகளின் சம்மதக் கையெழுத்து. வருவாய்த் துறையும் மின்வாரியமும் அதே நாளில், அதே பந்தலில் உட்கார வேண்டும். முறை நாள் விகிதத்தில் பணத்தைப் பிரித்து அனுப்ப, பங்காளிகளின் வங்கிக் கணக்கு எண்களையும் அங்கேயே வாங்கிவிட வேண்டும். மோட்டாரின் உண்மையான எச்.பி.யையும் அபராதமில்லாமல் அன்றைக்கே பதிந்துகொண்டால், எந்த டிரான்ஸ்பார்மரை முதலில் மாற்ற வேண்டும் என்ற பட்டியல் சாயங்காலத்துக்குள் தயாராகிவிடும்.